பட்டை தூங்கிவிட்டது

மாமனாரின் பட்டை ஆழ்தூக்கத்துக்குப் போயிருந்தது. அலுவலகத் திரையில் அதைப் பார்த்த மருமகள், காலையிலிருந்து வந்த பதிவுகளைப் பதறிப்போய்ப் புரட்டினாள்.

நாடி பார்க்கும் அந்தக் கைப்பட்டைக்குள் ஓடும் டிரைவர் என்கிற நிரலை எழுதியவளே அவள்தான். ஆள் நடமாடினால் பட்டை முழு விழிப்பில் இருக்கும். ஆள் உறங்கினால், துடிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு அரைத்தூக்கம். துடிப்பே கேட்கவில்லை என்றால்தான், பேட்டரியை வீணாக்காமல் ஆழ்தூக்கம். இதயம் பலவீனமான மாமனாரின் கையில் முதல் பட்டையைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். காலையில் பட்டையின் கொக்கி ஒருமுறை திறந்து மூடியிருக்கிறதே, குளிக்கக் கழற்றி மேசைமேல் வைத்திருப்பார் என்று வாதாடினான்.

"மேசைமேல இருந்தா அப்பவே தூங்கியிருக்கும். மூடினதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் துடிப்பு வந்திருக்கு. இப்பத்தான் நின்னிருக்கு."

"அப்ப உன் டிரைவர்தான் தப்பு. போன வாரமும் கண்ட நேரத்துல தூங்கி வழிஞ்சுதே" என்றான் வக்கீல். ஆறுதல் சொன்னானா, குத்திக் காட்டினானா தெரியவில்லை.

மாமனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அத்தையும் எடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

வழியெல்லாம் தான் எழுதிய வரிகளை மனதுக்குள் புரட்டி, எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்று தேடினாள். தன் வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். திறந்த மாமனார், உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. தலைவலின்னு காலையில படுத்த உன் அத்தை, இப்பத்தான் அசந்து தூங்குறா. போனையெல்லாம் சத்தமில்லாம வச்சிருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்தாள். டிரைவர் தப்புதான், வக்கீல் சொல்லிச் சொல்லிக் காட்டுவான், காட்டட்டும். அப்போதுதான் மாமனாரின் வெறுங்கை கண்ணில் பட்டது.

"பட்டை எங்க மாமா?"

"கை அரிச்சுதும்மா. காலையிலேயே கழட்டி உன் அத்தை கையில மாட்டிட்டேன்."