இலை உதிராத மரம்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னது. அவளுடைய அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு வருஷமாகப் பெருக்குகிறவர்.

அந்தக் குடியிருப்பின் செயலாளருக்கு 'ஸ்கேல் சார்' என்று பட்டப்பெயர். மாடிப்படிக் கைப்பிடியில் விரலைத் தேய்த்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் நோட்டீஸ் ஒட்டுவார்.

ஒரு பெருங்காற்றில் அங்கிருந்த பழைய வாதாமரங்கள் சாய்ந்துவிட்டன. என்ன மரம் வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். தண்ணீர் கொண்டுபோன அம்மா கதவருகே நின்றுவிட்டார்.

"இந்தத் தடவை இலையே கொட்டாத மரமா வைப்போம். பசுமை மாறா மரம்னு இருக்காமே," என்றார் மூன்றாம் மாடி டாக்டர்.

"அப்போ பெருக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு? படிக்கட்டை வாட்ச்மேன் பார்த்துக்குவார்," என்றார் கீழ்வீட்டு வக்கீல்.

எல்லாக் கையும் உயர்ந்தது. ஸ்கேல் சார் பேனாவைத் திறந்தார்.

"பசுமை மாறா மரம் வைக்கணும். ஒரு வருஷம் பார்க்கணும். குப்பை விழலைன்னா அந்த அம்மாவை நிறுத்திடணும். இப்படி எழுதிக்கவா?"

"எழுதுங்க சார்."

எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தோழி அப்போது கல்லூரியில் கடைசி வருஷம்.

"அந்த ஸ்கேல் சாரை நான் நேர்ல போய்க் கேக்கறேன்மா."

"ஒண்ணும் வேணாம். நீ பரீட்சையை ஒழுங்கா எழுது. இப்போ எனக்கும் மரத்துக்கும்தான் போட்டி, பார்த்துக்கறேன்."

அடுத்த வாரமே நர்சரியிலிருந்து வண்டி வந்தது. எட்டு மரங்கள், ஆளுயரத்தைத் தாண்டியவை, வேரோடு சாக்கில் கட்டியிருந்தன. ஸ்கேல் சார் டேப்பை வைத்துக் குழிகளை அளந்துகொண்டிருந்தார்.

"என்ன சார், மகிழமரமா? நெட்டிலிங்கம்னா ஒல்லியா நேரா நிக்குமே. கார் நிறுத்தவும் இடம் இருக்கும்," என்றார் வக்கீல்.

"நெட்டிலிங்கம் நெடுநெடுன்னு போகும், நிழல் இருக்காது. சின்னதுல தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கும். மகிழம் மெதுவாத்தான் வளரும், ஆனா பொறுமைசாலி. வேர் பிடிச்சுட்டா வெயிலைத் தாங்கிக்கும். குடை மாதிரி விரியும்."

"ரெண்டுமே பசுமை மாறாததுதானே?"

"ரெண்டுமே."

"அது போதும் சார்."

தண்ணீர் ஊற்றும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. அதற்கும் ஸ்கேல் சார் பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்டுல ஊத்தாதீங்கம்மா. ஒரு சாண் தள்ளி, வட்டமா ஊத்துங்க. காய்ஞ்ச சருகை வேர்மேல மூடி வையுங்க, ஈரம் நிக்கும்."

"சரிங்க சார்," என்பார் அம்மா. வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்வார்: "என் சோத்துல மண்ணள்ளிப் போடப்போற மரத்துக்கு என் கையாலயே தண்ணி ஊத்தறேன். அதுவும் வட்டமா!"

மரங்கள் வேர் பிடித்தன. கொஞ்ச நாளில் காலையில் பத்துப் பதினைந்து இலைகள் கிடந்தன. மறுநாளும் கிடந்தன. பிறகு பூ வந்தது. விடியும்போது தரையெல்லாம் நட்சத்திரம் மாதிரி பொடிப்பொடியாகப் பூ. பூ ஓய்ந்ததும் பழம். பழம் கார் சக்கரத்தில் நசுங்கி, டாக்டர் ஒருநாள் அதில் வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். இடையில் இலை நின்றதா என்றால், அதுவும் இல்லை.

வருஷ முடிவில் மறுபடி கூட்டம்.

"இலை கொட்டாத மரம்னு சொன்னீங்க?" என்றார் டாக்டர், முழங்காலைத் தடவிக்கொண்டே.

"பசுமை மாறாதுன்னுதான் எழுதியிருக்கு சார். பழசு உதிர்ந்து புதுசு வந்துகிட்டே இருக்கும். மொட்டையா நிக்காது, அவ்வளவுதான்."

"இதை இப்பச் சொல்லுங்க!" வக்கீல் தொடையில் தட்டினார். "குழியை அளந்தீங்க, சாக்கை அளந்தீங்க. மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா? நர்சரிக்காரன் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான் சார்!"

சிரிப்பு அடங்க நேரமானது. ஸ்கேல் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு என்னோடதுதான். அப்போ பெருக்கற அம்மா இருக்கட்டும்னு எழுதிடவா?"

"வேற வழி? எழுதுங்க."

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டாராம். "அத்தனை பேர் முன்னால அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்துச்சுடி. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பை அடக்க முடியலை," என்றாராம். மறுநாளும் ஸ்கேல் சார் கைப்பிடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தாராம்.

"அவர் ஏமாந்ததால நாங்க பிழைச்சோம்," என்று சொல்லித் தோழி டிபன் பாக்ஸை மூடினாள்.

இதை எழுதுவதற்கு முன், மரத்தின் பெயரைத் தப்பாகப் போட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயம். போன சனிக்கிழமை அந்த நர்சரியைத் தேடிப் போய்க் கேட்டேன். நர்சரிக்காரருக்கு ஸ்கேல் சாரை நன்றாக நினைவிருந்தது.

"மகிழமரம்தான்மா, எட்டு. நெட்டிலிங்கம் ஒரு சீசன்ல கொட்டிட்டு ஓஞ்சுடும், மகிழம் வருஷம் பூரா எதையாவது போட்டுக்கிட்டே இருக்கும்னு தெளிவாச் சொல்லித்தான் கொடுத்தேன். இங்க வர்றவங்க எல்லாரும் எது கம்மியா குப்பை போடும்னுதான் கேப்பாங்க. எது அதிகமா போடும்னு கேட்டு, அதையே வாங்கிட்டுப் போனது அவர் ஒருத்தர்தான்."