கால் எரிச்சல்

"எவனோ வாய்க்கால்ல விஷம் கலக்கறான்!"

மரக்காணம் உப்பள வரப்பில் நின்று பொரிந்து தள்ளினாள் ஆராய்ச்சி மாணவி வைஜெயந்தி. வாய்க்காலில் இறால் குஞ்சுகள் செத்து மிதந்தன.

"என்னா விஷம்மா?" என்றாள் உப்பு வாரும் அம்சவல்லி.

"துத்தநாகத் தூள்க்கா. கண்ணுக்கே தெரியாத நானோ தூள். டப்பாவுல இருக்கறவரைக்கும் சாது. தண்ணியில கரைஞ்சு வெயிலும் பட்டா, இரும்பு துருப்பிடிக்கற மாதிரி உசுர உள்ளுக்குள்ளயே அரிச்சிடும். பக்கத்து இறால் பண்ணைக்காரன் வேலையாத்தான் இருக்கும். அவன சும்மா விடமாட்டேன்!"

வேலை முடிந்த அம்சவல்லி வாய்க்காலில் இறங்கிக் காலைத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் பாலாய் வெளுத்தது.

"அது என்னக்கா வெள்ளையா?"

"வெயிலுக்குன்னு நீதானம்மா எல்லாருக்கும் கிரீம் குடுத்த?"

"அது மூஞ்சிக்குக்கா!"

"மூஞ்ச யாரு பாக்கறா? உப்புத் தண்ணியில எரியறது காலுதான? அறுபது பேரும் காலுக்குத்தான் பூசறோம். இப்பதான் ராவுல தூக்கமே வருது."

அந்தக் கிரீமில் இருப்பதும் அதே துத்தநாகத் தூள்தான்.

வெடித்த பாதத்தை முந்தானையால் ஒற்றியபடி அம்சவல்லி கேட்டாள்:

"டப்பா காலிம்மா. இன்னிக்குக் கொண்டாந்திருக்கியா?"

புதுப் பெட்டி வைஜெயந்தியின் வண்டியில்தான் இருந்தது.