புதன்கிழமைப் பதிவு

வருடாந்திர கேஸ் பரிசோதனைக்காக, வாடகைக்கு விட்டிருந்த மாடி வீட்டுக்கு வந்த இன்பவல்லி, அடுப்புக்கு மேலிருந்த கசிவுப் பெட்டியின் பதிவை எடுத்து வீட்டுக்காரர் சிதம்பரநாதனிடம் கொடுத்தாள். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க வைத்த பெட்டிதான். இப்போது சமையலறையின் எல்லா வாசனையையும் நேரத்தோடு குறித்துக்கொள்கிறது. முழுப் பதிவையும் வீட்டுக்காரரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"நெத்திலிக் கருவாடு, பதினோரு தடவை." குடியிருக்கும் தேன்மொழியைப் பார்த்தார். "நாங்க முட்டைகூடத் தொடாதவங்க. சைவம்னு சொல்லித்தானேம்மா குடிவந்தீங்க? இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

"நான் கருவாடு வாங்கினதே இல்ல சார். எப்பன்னு போட்டிருக்கு?"

இன்பவல்லி எட்டிப் பார்த்தாள். "எல்லாமே புதன்கிழமை. காலைல பதினொன்றரை மணி."

"அந்நேரம் நான் ஆஸ்பத்திரியில டூட்டியில இருப்பேன். வீடு பூட்டியிருக்கும்."

மாற்றுச் சாவி, கீழ்வீட்டில் இருக்கும் சிதம்பரநாதனின் மனைவி சௌந்தரத்தின் இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்தது. காபி கொண்டுவந்த சௌந்தரம் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது இன்பவல்லிக்குச் சிரமமாக இருந்தது.

சிதம்பரநாதன் தாளை நான்காக மடித்தார்.

"கசிவு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

"அப்பச் சரி." கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவியைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.

தேன்மொழி சௌந்தரத்தின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"புதன்கிழமை எனக்கு எப்பவும் டூட்டிதான்க்கா," என்றாள்.