யாருக்கு இந்தக் கலியாணச் சேலை?

வேலை கிடைக்கும் என்று நம்பி வெளிநாடு போய், அங்கே விற்கப்பட்டு, மீண்டு வந்த பெண்கள் சேர்ந்து கிரான் என்ற ஊரில் நடத்தும் நெசவுக் கடை அது.

தான் நெய்த சிவப்புக் கலியாணச் சேலையைப் பிரஷாந்தி ஆசையோடு தடவினாள். அடுத்த வாரம் அவளுக்கும் கலியாணம். வீட்டார் வரமாட்டோம் என்றுவிட்டார்கள்.

“இத ஆரக்கா வாங்கினது?” என்று கேட்டாள்.

“கலியாணப் பொம்புளையிட சொந்தக்காரர்தான்,” என்றாள் கடையைப் பார்க்கும் ஹஸீனா.

“பொம்புளைக்குப் புடிக்குமா?”

“நீதான் சொல்லணும் புள்ள!”

ஹஸீனா சேலையை அவள் தோளில் போட்டாள். தறிகளை விட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள்.

“நாங்க எல்லாரும் சேர்ந்து வாங்கினது. உனக்கு நாங்க சொந்தமில்லையா?”

பிரஷாந்தி சேலையின் கரையை விரித்துப் பார்த்தாள்.

“முதல்லயே சொல்லியிருந்தா கரைய இன்னும் அகலமாப் போட்டிருப்பனே!”

கடையே சிரிப்பில் அதிர்ந்தது.