காட்டுக்கு எந்தக் கத்தி?

கூடத்தில் போர்வையை விரித்து, ஐந்து ஆயுதங்களைப் பரப்பி வைத்திருந்தார் கணவர். பக்கத்தில் மனைவி முதுகுப்பைக்குள் சாமான்களைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"கைக்கோடாலி, மடக்கு ரம்பம், அரிவாள், பெரிய கத்தி, சின்னக் கத்தி. காட்டுக்குப் போறவங்க இதுல ஒண்ணைக்கூட விடக்கூடாது."

"இவ்வளவையும் சுமந்துக்கிட்டு எப்படிங்க மலை ஏறுறது? ஒரு மடக்குக்கத்தி போதாதா?"

அவர் சிரித்தார். "அது ஆப்பிள் நறுக்கத்தான் ஆகும். கத்தின்னா பிடியோட கடைசி வரைக்கும் ஒரே இரும்பா ஓடணும். உனக்கு எங்க புரியப்போகுது? என் வீடியோவை நாப்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க. நீ ஒருத்திதான் பார்க்கல."

"இன்னிக்குக் காலையில பார்த்தேங்க."

அவர் முகம் மலர்ந்தது. "எப்படி இருந்துச்சு?"

வாசலில் வனத்துறை ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்து, அவளுக்கு சல்யூட் அடித்தார்.

"ரேஞ்சர் மேடம், தேடப் போற ஆளுங்க எல்லாரும் வந்தாச்சு."

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு பையைத் தோளில் போட்டாள். நாலு வருடமாகக் கூடத்தைத் தாண்டாத கோடாலியை எடுத்து நீட்டினார் கணவர்.

"இதையாவது கொண்டு போ."

"வேணாங்க. ரெண்டு பசங்க நேத்துலேருந்து காட்டுல வழி தெரியாம தவிக்கிறாங்க. உங்க வீடியோவைப் பார்த்துட்டுப் போனவங்களாம். அவங்க அம்மாதான் அழுதுக்கிட்டே எனக்கு அதைப் போட்டுக் காட்டினாங்க."

வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"நீங்க சொன்ன அஞ்சையும் பசங்க மறக்காம எடுத்துட்டுப் போனாங்களாம். தண்ணிதான் கொண்டு போகலையாம்."