அக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி

"அந்த மலை உச்சி வேண்டாம்"னு என் பொண்டாட்டி நெலிதா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

எங்க பிழைப்பே அதுதானே. யாரையும் கூப்பிடாம, ரெண்டே பேரா ஓடி வந்து கல்யாணம் பண்ணிக்கிறவங்களுக்கு நல்ல இடமா காட்டி, படமும் எடுத்துக் கொடுப்பா நெலிதா. நான் வண்டி ஓட்டுவேன், குடிக்க எங்க ஊர் மூலிகை டீ, மாத்தே, போட்டுக் கொடுப்பேன். அந்தக் காலத்துல ஓடிப்போறவங்க ஒளிஞ்சு ஓடுவாங்க. இப்போ போட்டோ எடுக்கிறவளையும் கூட்டிக்கிட்டு ஓடுறாங்க. எங்க பட்டகோனியா மலைச் சீமைக்கு அதுக்குன்னே ஜோடி ஜோடியா வர்றாங்க, நான் எதுக்குக் குறை சொல்றேன்.

இந்தப் பொண்ணு பேரு ஹிமேனா. ரொசாரியோ ஊர்க்காரி. வந்ததுமே கறாரா சொல்லிட்டா. கூட்டம் வேண்டாம், கேக் வேண்டாம், தலையில அரிசி கொட்டுற சொந்தக்காரங்க வேண்டாம். முக்கியமா, பெத்த அம்மா வேண்டாம்.

மாப்பிள்ளை லௌதாரோ லாரி ஓட்டுறவன். இவனைக் கட்டிக்கிட்டா நீ உருப்படவே மாட்டேன்னு அம்மாக்காரி ஒரு நாள் அவன் எதிர்லயே மககிட்ட சொல்லிட்டாளாம். அன்னைக்கு விட்டுப்போன பேச்சுதான்.

"எனக்குன்னு இந்த ஒரு நாள்தான். சுத்தி ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது"ன்னா ஹிமேனா.

அப்படிப்பட்ட இடம் மலை உச்சிதான். அதைத்தான் நெலிதா வேண்டாங்கிறா. காத்து முக்காட்டைப் பிச்சுக்கிட்டுப் போயிடுமாம். சரி, அருவின்னு கேட்டா, பாறை வழுக்குமாம். காட்டுக்குள்ள போகலாம்னா, வெளிச்சம் போதாதாம். இதே உச்சியில எத்தனை ஜோடியை நிக்க வெச்சுப் படம் எடுத்திருக்கா இவ! வயசாயிடுச்சு, மேலே ஏற முட்டி ஒத்துழைக்கலை, அதைச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

கடைசியில அவ காட்டினது ஏரி ஒடுங்கிப் போற ஒரு மூலை. அக்கரையில வெறும் கூழாங்கல் மேடு. நானே அங்கே வண்டியை நிறுத்த மாட்டேன்.

ஹிமேனா முகம் சுருங்கிப் போச்சு. லௌதாரோ மட்டும், இந்த இடமே நல்லாத்தான் இருக்குன்னான். "நீயுமா?"ன்னு அவ முறைச்ச முறைப்புல அவன் வாயை மூடிக்கிட்டான்.

கல்யாணத்தன்னைக்கு நல்ல குளிர். தலை வழியா மாட்டிக்கிற என் சிவப்புக் கம்பளிப் போர்வை, அந்தப் போன்சோவை, வீடு பூராத் தேடியும் காணோம். நடுங்கிக்கிட்டே போய் நின்னேன். நெலிதா ரெண்டு பேரையும் தண்ணி ஓரமா எதிரும் புதிருமா நிறுத்தி, அக்கரையைப் பார்த்துக் கேமராவை வெச்சா. பனி மூடின மலை எல்லாம் இந்தப் பக்கம் இருக்கு.

"ஏண்டி, மலை உனக்குப் பின்னாடி இருக்கு"ன்னேன்.

"நீ போய் வெந்நீரைப் பாரு"ன்னா.

எழுதி வெச்சிருந்த உறுதிமொழியை லௌதாரோ படிக்க ஆரம்பிச்சு, பாதியில காகிதத்தை அவகிட்ட நீட்டிட்டான். மீதியை அவளே படிச்சு, ஆமான்னு அவனைத் தலையாட்ட வெச்சா. எனக்கே அழுகை வந்துடுச்சு.

மறுநாள் எங்க வீட்டு அடுப்படியில உட்கார்ந்து, கம்ப்யூட்டர்ல படம் பார்த்தோம். பார்க்கப் பார்க்க ஹிமேனா முகம் மாறிடுச்சு. ஒவ்வொரு படத்துலயும் ரெண்டு முகத்துக்கும் நடுவுல, அக்கரையில, ஒரு சிவப்புப் புள்ளி.

"யாரோ நிக்கிறாங்க. அன்னைக்கு அவ்வளவு சொன்னேனே, இதுக்குத்தானா அந்த மூலைக்குக் கூட்டிட்டுப் போனீங்க? அழிச்சிடுங்க இதை."

அவ கேட்டதுல என்ன தப்பு? நானும் சேர்ந்துக்கிட்டு நெலிதாவைக் கடிஞ்சேன். எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறே, அந்த ஆளை அப்பவே போகச் சொல்லியிருக்க வேண்டாமான்னு கேட்டேன்.

நெலிதா படத்தைப் பெரிசாக்கினா. சிவப்புப் போன்சோ போட்ட ஒரு பொம்பளை. என் போன்சோ! வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள ஹிமேனா மெதுவா சொன்னா.

"எங்கம்மா."

அப்புறம்தான் நெலிதா விஷயத்தைச் சொன்னா. நான் டவுனுக்குப் போயிருந்த ஒரு நாள் அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. கூப்பிடாத இடத்துக்கு வர மாட்டேன், எங்கேயாவது தூரத்துல நின்னா என் பொண்ணு முகம் தெரியற மாதிரி ஓர் இடம் இருக்கான்னு மட்டும் கேட்டிருக்காங்க. உச்சியிலயும் காட்டுலயும் அப்படி நிக்க ஏது இடம்? போட்டிருந்த மெல்லிசு கோட்டைப் பார்த்துட்டுப் போன்சோவைக் கொடுத்தது நெலிதாதான்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. நீ அழிக்கச் சொல்றே. எனக்குக் கை வரலைம்மா"ன்னா நெலிதா.

"இங்கேதான் கல்யாணம்னு அம்மாவுக்கு யார் சொன்னது?"

லௌதாரோ தன் பூட்ஸையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"நான்தான் போன் பண்ணேன்"னான்.

ஹிமேனா அவனையே பார்த்துக்கிட்டு இருந்தா. நெலிதா இன்னொரு படத்தைத் திறந்தா. இவங்க மோதிரம் மாத்தின கையோட, பெரிய லென்ஸைப் போட்டு எடுத்தது.

ஆளே இல்லாத அந்தக் கூழாங்கல் மேட்டுல ஒத்தையா நின்னுக்கிட்டு, எங்க பக்கம் பார்த்து, கை நிறைய அரிசியை அள்ளி ஏரித் தண்ணி மேல வீசிக்கிட்டிருந்தாங்க அந்தம்மா.