ஒன்று புள்ளி ஒன்று

“இன்னா டாக்டர் இது, அநியாயமா கீது? எங்க ஆளுக்கு வெறும் ஒன்னு புள்ளி ஒன்னா?”

ஸ்கேன் ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டார் பகலவன். ஒரகடம் தொழிற்சாலை ஒன்றின் சங்கத் தலைவர். இருபது வருடத்தில் நிர்வாகம் நீட்டிய எந்தச் சம்பள எண்ணையும் அவர் அப்படியே வாங்கிக்கொண்டதில்லை. அதைச் சொல்லாமல் ஒரு வேளை டீயும் குடித்ததில்லை.

பக்கத்தில் வெல்டர் மாரிசெல்வம். மூளையில் கட்டி. அது சாதுவா பொல்லாததா, அவன் இன்னும் எத்தனை காலம் இருப்பான் என்பதையெல்லாம் மண்டையைத் திறக்காமலே, ரத்த ஓட்டத்தை அளந்து கணிக்கிற ஸ்கேன். அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள் மனைவி இசக்கிசெல்வி.

“சார், உக்காருங்க. அந்த நம்பர் என்னன்னா...” என்று ஆரம்பித்தார் டாக்டர் ஷெர்லின்.

“நம்பர் நமக்குத் தெரியாதாம்மா? படத்து ஓரத்துல பத்து வரைக்கும் கலர் போட்டுக்கீறீங்க. மேல செவப்பு, மஞ்சள்னு ஜோரா கீது. எங்க ஆளு மட்டும் அடியில நீலத்துல கெடக்குறான். திருநெல்வேலிக்காரன், காண்ட்ராக்ட் லேபர்னு கொறச்சிட்டீங்களா?”

“அண்ணாச்சி, விடுங்க...” என்றான் மாரிசெல்வம்.

“நீ கம்முனு இருப்பா. டாக்டர், பத்து கேக்கல. ஒரு ஆறு போடுங்க.”

“ஆறா!”

“சரி, நாலு. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“சார், இது கட்டி குடிக்கிற ரத்தம். நல்ல மூளையைவிட எத்தனை மடங்குன்னு கணக்கு. நாலு, ஆறுன்னு குடிக்கிறது பெரும்பாலும் பொல்லாத கட்டி. வேகமா வளரும். ஒரு வருஷம் தாண்டறதே கஷ்டம். இவருக்கு ஒன்னுதான். சாதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பல வருஷம் நல்லா இருப்பார்னு நம்பலாம்.”

இசக்கிசெல்வி உடைந்து அழுதாள்.

“ஏட்டி, எதுக்கு அழுத? கம்மிதான் நல்லதாம்லா” என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டான் மாரிசெல்வம்.

பகலவன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். கம்பெனி கேட் வரும்வரைதான்.

“தலைவரே, இன்னா ஆச்சு?” ஷிஃப்ட் முடிந்த கூட்டம் சூழ்ந்துகொண்டது.

பகலவன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“நாலு, ஆறுன்னு பேச்சு போச்சுப்பா. நான் உடுவனா? ஒன்னுல நிறுத்திட்டேன்!”